பிப்ரவரியில் சொன்ன நன்றி

குளிர்காலக் காலைகளில், பள்ளிக்கு நடக்கும் வழியில் தீயணைப்புக் கொட்டகை வந்ததும் குவபாரா ஃபுசே வலது கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வார். வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளையின் சட்டைக் காலருக்குள்ளும், பின்கழுத்துப் பக்கமாக, இரண்டு விரலை விட்டுப் பார்ப்பார். வேர்த்து நனைந்திருந்தால் மேல் கோட்டின் ஒரு பொத்தானை அவிழ்க்கச் சொல்வார். உலர்ந்து சில்லென்றிருந்தால், "இன்னும் தூங்கிக்கிட்டே நடக்கிறியா? அந்தக் கம்பம் வரைக்கும் ஓடு" என்பார். இளஞ்சூடாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கழுத்துக்குப் போய்விடுவார். நான் தொடக்கப் பள்ளியில் படித்த ஆறு குளிர்காலமும் இது ஒருநாள்கூடத் தவறியதில்லை. அந்த விரல்களின் சில்லிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் தோள் தூக்கிக்கொள்ளும்.

எங்கள் கமிசாவாவில் டிசம்பர் நடுவில் விழும் பனி ஏப்ரலில்தான் கரையும். சாலை நடுவே பதித்த குழாய்கள் நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைத்துக்கொண்டே இருப்பதால் கார்கள் போகும். பிள்ளைகள் நடப்பது அதற்குப் பக்கத்தில், பனிச்சுவருக்கு அந்தப்புறம். அங்கே பாதை என்று ஒன்று தானாக இருக்காது. இரவில் முழங்கால் உயரம் விழுந்ததைக் காலையில் யாராவது மிதித்து இறுக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் பெரியம்மா என்று கூப்பிட்ட ஃபுசே, ஆறு மணிக்கே பனியில் புதையாமலிருக்கக் காலில் வளையங்களைக் கட்டிக்கொண்டு பள்ளி வரை ஒருமுறை மிதித்துவிட்டுத் திரும்பி வருவார். ஏழு இருபதுக்குப் பிள்ளைகளோடு மறுபடி நடப்பார். யாரும் அவரை நியமிக்கவில்லை. பள்ளிச் சமையலறையில் அவருக்கு வேலை எட்டு மணிக்குத்தான்.

இதை அவர் தொடங்கியது தன் மகனால். கணவர் குளிர்காலம் தோறும் டோக்கியோவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார். மகன் யசுஹிதே இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஊரில் வீட்டுக்கு வீடு கார் வந்தது. முந்தைய வருஷம் பதினான்கு பேர் நடந்த வழியில் அந்த வருஷம் மூன்று பேர்தான். இடுப்புவரை புதைந்து, அசைய முடியாமல், முக்கால் மணி நேரம் நின்ற பையனைத் தபால்காரர் வந்து இழுத்தெடுத்தார். மறுநாளிலிருந்து ஃபுசே மிதிக்க ஆரம்பித்தார். மகன் படித்து முடித்து செண்டாய்க்குப் போன பிறகும் நிறுத்தவில்லை.

நவம்பர் மாத மாலைகளில் வீடு வீடாகப் போவார். எங்கள் வீட்டு வாசலிலும் பக்கத்து வீட்டு வாசலிலும் அவர் பேசுவது இப்படி இருக்கும்:

"புயல் அடிக்கிற நாள் வண்டியில கொண்டு விடு, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா தினம் ஏத்திட்டுப் போனா பாதையில ரெண்டு கால் குறையுது பாரு. பத்துப் பேர் நடந்தா இருபது கால். பனி இறுகிடும். அஞ்சு பேர் நடந்தா கடைசில வர்ற குட்டி முழங்கால் வரைக்கும் உள்ள போயிடும்."

"அக்கா, எங்க பையன் காலு ரொம்பச் சின்னது. அதைக் கணக்குல சேக்காதீங்க."

"சின்னக் காலுதான் நல்லா இறுக்கும். அவனை விடமாட்டேன்னா நீ வா. உன் உடம்புக்கு ஒரே நடையில ரோடே போட்டுடலாம்."

சிரிப்பார்கள். சிரித்தவர்கள் பிள்ளையை அனுப்பிவிடுவார்கள்.

ஆறாம் வகுப்பில் நான் நடை அணியின் தலைவி. மஞ்சள் கொடியோடு முதலில் போவேன். எனக்குப் பின்னால் பத்துப் பேர். என் அம்மா காளான் தொழிற்சாலையில் விடிகாலை வேலைக்குப் போய்விடுவாள். நானே எழுந்து, நானே சாதத்தில் முட்டை உடைத்து ஊற்றித் தின்று, கையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு கிளம்புவேன். அந்த ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, கொட்டகை அருகே, பெரியம்மாவின் விரல் என் காலருக்குள் போனது. அங்கேயே நின்றது.

"என்னடி இது? உள்ள ஒரே ஒரு விளையாட்டுப் பனியனா? ஐயையோ, இதுல உங்க அண்ணன் ஷுஹேய் பேரு இல்ல எழுதியிருக்கு!"

அவர் கேட்டது கவலையில்தான். ஆனால் அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ஐந்தாம் வகுப்புப் பையன்கள் காத்திருந்தவர்கள்போல் பிடித்துக்கொண்டார்கள். "ஷுஹேய் அண்ணா, சிக்னல் பச்சை!" "ஷுஹேய் அண்ணா, மீசை எப்ப முளைக்கும்?" பள்ளி வாசல் வரை அதே. மறுநாள் காலை எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. அதில் பழுப்பு நிறத்தில் பின்னிய கையில்லாத உள்சட்டை. பழைய நூல், ஒரே இரவில் பின்னியிருக்க வேண்டும். நான் அதை அலமாரியின் அடியில் தள்ளினேன். எங்கள் வீட்டில் என்ன இல்லை என்பதை ஊருக்கே அளந்து காட்டிய துணி அது என்று எனக்குத் தோன்றியது.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளியில் வருஷாந்திரக் கேள்விச் சீட்டு கொடுத்தார்கள். பெயர் எழுத வேண்டாம். ஐந்தாவது கேள்வி: பள்ளிக்கு வரும் வழியில் உங்களுக்குப் பிடிக்காதது, பயமாக இருப்பது ஏதேனும் உண்டா?

நான் எழுதினேன்: "கூட வரும் பெரியவர் தினமும் எங்கள் துணிக்குள் கையை விடுகிறார். எனக்குப் பிடிக்கவில்லை."

ஒரு சொல்லும் பொய்யில்லை. எனக்குப் பிடிக்கவில்லைதான். பிடிக்காததைச் சொல்ல ஒரு பிள்ளைக்கு உரிமை உண்டு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். என்னால் தாண்ட முடியாத இடம் வேறு. முதலில் "கழுத்துக்குள்" என்று எழுதியிருந்தேன். எழுதியதை அழிப்பானால் தேய்த்துவிட்டு "துணிக்குள்" என்று மாற்றினேன். ஏன் மாற்றினேன் என்பது பன்னிரண்டு வயதுக்குத் தெரியாது என்று என் பல்கலைக்கழக நாட்களில் எனக்கு நானே பலமுறை வாதாடியிருக்கிறேன். தெரியும். எந்தச் சொல்லுக்குப் பெரியவர்கள் முகம் மாறும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

பிப்ரவரி முதல் வாரத்தில் தலைமையாசிரியர் பெரியம்மாவைத் தன் அறைக்கு அழைத்தார். தேநீர் கொடுத்தார்கள். தங்க விளிம்பு போட்ட நன்றிச் சான்றிதழை எழுந்து நின்று வாசித்து, இரண்டு கையாலும் நீட்டினார்கள். இத்தனை வருஷ உழைப்புக்கு நன்றி, இனியாவது ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. வழக்கமாக இந்தச் சான்றிதழ்கள் மார்ச் கடைசியில், பள்ளி ஆண்டு முடிந்த பிறகு கொடுப்பவை. பனி இடுப்பளவு கிடக்கும்போது நன்றி சொன்னால் என்ன பொருள் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அன்று மாலை சான்றிதழோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பாரு யோஷிமி. பிப்ரவரியில நன்றி சொல்றாங்க."

அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். "எழுத்து அழகா இருக்கு அக்கா" என்றாள். வேறு என்ன சொல்வாள்?

"ஆமா. எழுத்து அழகாத்தான் இருக்கு."

ஊறுகாய்க் கீரையும் தேநீரும் கொடுத்தோம். தேநீரை முழுவதும் குடிக்காமல் எழுந்து போனார். கதவு மூடியதும் அம்மா அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "யாரோ மேல எழுதிக் குடுத்துட்டாங்க. அந்த சைதாமாக்காரிதான். ஊர் பூரா அதான் பேச்சு."

சைதாமாக்காரி என்றது அசாஹினா ரியேவை. கணவரின் வேலை மாற்றத்தால் முந்தைய ஏப்ரலில் டோக்கியோ பக்கத்துச் சைதாமாவிலிருந்து வந்து, பெரியம்மாவின் பக்கத்து வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தவர். அவருடைய மகன் இட்சுகி முதல் வகுப்பு. எங்கள் வரிசையின் கடைசிக் குட்டி. விரல் தன்னிடம் வருவதற்கு முன்பே காலரை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பான். வெளியூர்க்காரி, சத்தமாகப் பேசும் பெண்ணைப் பிடித்திருக்காது, எழுதியிருப்பாள். ஊர் அதற்குமேல் யோசிக்கவில்லை.

நான் சாதம் தின்றுகொண்டிருந்தேன். தொடர்ந்து தின்றேன்.

பெரியம்மா மிதிக்காத பாதை ஒரே வாரத்தில் மறைந்துபோனது. ஒவ்வொரு வீடாகக் கார் எடுத்தது. மாதக் கடைசியில் என் பின்னால் மூன்று பேர். மூன்றில் ஒருவன் இட்சுகி. அவன் அம்மாவுக்குப் பனியில் வண்டி ஓட்டப் பயம். தொடைவரை புதைந்து எழுந்து, புதைந்து எழுந்து, பள்ளி வருவதற்குள் அவன் காலணிகளுக்குள் தண்ணீர் நிற்கும். நான் அவன் கையைப் பிடித்துக்கொள்வேன். கொட்டகை அருகே அவன் பழக்கத்தில் காலரை விரித்தபடி நிற்பதைப் பார்த்துவிட்டு, "வாடா, நேரமாச்சு" என்று இழுப்பேன்.

மார்ச்சில் அணியைக் கலைத்துவிட்டார்கள். மாதக் கடைசியில் அசாஹினா குடும்பம் ஊரை விட்டுப் போனது.

நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். என் பட்டத்தை அம்மா சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். பிறகு ஊருக்கே திரும்பி நகராட்சியின் கல்விப் பிரிவில் சேர்ந்தேன். போன அக்டோபரில் பிரிவுத் தலைவர் ஓதாகே என் மேசைக்கு வந்தார்.

"குளிர்காலத்துல பிள்ளைங்களை நடக்க வைக்கணும்னு ஒரு துண்டறிக்கை வேணும். பள்ளி வாசல்ல கார் நெரிசல் தாங்க முடியல. நீ நடந்து வளந்தவதானே, நீயே எழுதிடு."

உடம்புக்கு நல்லது, மூளை சுறுசுறுப்பாகும், நண்பர்கள் கிடைப்பார்கள், காற்று கெடாது என்றெல்லாம் எழுதினேன். எல்லாம் சரி. ஆனால் இதில் எதையும் பெரியம்மா எந்த வாசலிலும் சொன்னதில்லை. இரண்டு கால் குறைகிறது என்பதை மட்டும்தான் சொன்னார். அந்த வரியைச் சேர்த்தேன். ஓதாகே அதைச் சிவப்பில் அடித்துக் கொடுத்தார். "இது காருல கொண்டு விடுறவங்களைக் குத்திக் காட்டுற மாதிரி இருக்கு. யாராவது மேல எழுதிப் போட்டுட்டா?"

அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தபோது, அந்தச் சனிக்கிழமையே பெரியம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். நான் சொல்லாமல் இந்த அறிக்கையில் ஒரு வரியும் எழுதத் தகுதியில்லை என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். அதில் எனக்காக எவ்வளவு, அவருக்காக எவ்வளவு என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

பெரியம்மாவுக்கு எழுபத்தொரு வயது. கணவர் இறந்து நான்கு வருஷம். பின்கட்டில் உட்கார்ந்து காயவைத்தால் இனிக்கும் துவர்ப்புப் பழங்களைத் தோல் சீவிக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க, ஆபீசர் அம்மா. இப்பவாவது உள்ள ரெண்டு சட்டை போட்டிருக்கியா?"

உட்கார்ந்தேன்.

"பெரியம்மா, பள்ளியில அந்தச் சீட்டு எழுதினது நான்தான்."

"எந்தச் சீட்டு?"

"உங்களுக்கு பிப்ரவரியில சான்றிதழ் குடுத்தாங்களே. அதுக்குக் காரணமான சீட்டு. கழுத்துன்னு எழுதிட்டு அழிச்சுட்டு, துணிக்குள்ள கையை விடுறாங்கன்னு எழுதினேன்."

அவர் கத்தியைப் பழத்திலேயே விட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். நான் தலை குனிந்து காத்திருந்தேன். திட்டுவார், அழுவார், இல்லையென்றால் மன்னித்துவிடுவார். மூன்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தேன்.

"அப்ப அந்தப் பொண்ணு எழுதலையா?"

"எந்தப் பொண்ணு?"

"அசாஹினா."

"இல்ல. நான்தான்."

"நிச்சயமா? ரெண்டு பேரும் எழுதியிருக்கலாம்ல?"

"ஒரே ஒரு சீட்டுதான்னு எங்க வகுப்பு ஆசிரியர் அப்பவே சொன்னார்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பக்கம் பார்த்தார். அந்த வீடு இப்போது காலியாக, ஓடு சரிந்து கிடந்தது.

"எங்கிட்ட மூணு பனி வாரி இருந்துச்சு மினோரி," என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவராகவே சொன்னார். சான்றிதழ் வாங்கி வந்த மறுநாளிலிருந்து, வீட்டுக்கு வீடு கைமாறிச் சுற்றுக்கு வரும் ஊர் அறிவிப்புப் பலகையை அசாஹினா வீட்டுக்குக் கையில் கொடுப்பதை நிறுத்தினார். கூப்பிடாமல் வாசல்படியில் போட்டுவிட்டு வருவார். அதுவரை பக்கத்து வாசல் பனியையும் இரண்டு தள்ளு தள்ளிவிடுவது வழக்கம். அதை விட்டார். தன் எல்லைவரை மட்டும் வாரி, கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோட்டில் நிறுத்தினார். ஊர் அந்தக் கோட்டைப் பார்த்தது. மற்ற வீடுகளும் அந்தப் பெண்ணோடு பேச்சைக் குறைத்தன.

"அவளுக்குப் பனி வாரத் தெரியாது. முதல் வருஷம். பனி வாரி வாங்கணும்னுகூட யாரும் சொல்லிக் குடுக்கல. ஒருநாள் காலையில ஜன்னல்ல நின்னு பாக்குறேன், வீட்டுக்குள்ள குப்பை அள்ளுற முறம் இருக்கே, அதை வெச்சு வாசல் பனியை வாரிக்கிட்டு இருக்கா. கையுறைகூட மெல்லிசு. நான் பாத்துக்கிட்டே நின்னேன். தேநீர் குடிச்சுக்கிட்டே பாத்தேன். நல்லா வேணும்னு நெனச்சேன்."

நானும் அதைப் பார்த்திருக்கிறேன். கொடியோடு வரிசையின் முன்னால் போகும்போது. முறத்தைப் பார்த்து ஐந்தாம் வகுப்புப் பையன்கள் சிரித்தார்கள், நான் அடக்கவில்லை.

"பெரியம்மா, தப்பு என்னோடது. நான் அன்னைக்கே சொல்லியிருந்தா..."

"நீ சும்மா இரு. உனக்கு அப்பப் பன்னெண்டு வயசு. அம்பத்தெட்டு வயசுக்காரி எனக்கு வாய் இல்லையா? நாலு எட்டு நடந்து போய், 'ஏம்மா, நீயா எழுதின'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? ஊர்ல வாசல் வாசலாப் போய்ப் பேசுனவதானே நான்? கேக்காம இருந்தது எனக்கு வசதியா இருந்துச்சு."

பழத்தில் விட்ட கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டார். "வீடு காலி பண்ற அன்னைக்கு, வழக்கப்படி எல்லா வீட்டுக்கும் ஒரு கைத்துண்டு குடுத்துச் சொல்லிட்டுப் போக வந்தா. பையனும் கூட. 'பெரியம்மா, பெரியம்மா'ன்னு அவன் கூப்பிடுறான். நான் விளக்கை அணைச்சுட்டுப் போர்வை மூடின கணப்பு மேசைக்கு அடியில படுத்துக்கிட்டேன். இந்த உடம்போட. கால் வெளியில நீட்டிக்கிட்டு இருந்திருக்கும்."

சிரிக்க வேண்டிய இடம்தான். இருவரும் சிரிக்கவில்லை.

என் பாரத்தை இறக்கி வைக்கப் போனேன். அது அவர் மடியில் இறங்கியது. அதுவரை அவர் வருத்தப்பட்ட பெண்ணாக மட்டும் இருந்தார். நான் போய் அவரை வெட்கப்பட வைத்தேன். சொல்லாமலே இருந்திருக்கலாமா என்று கேட்டுக்கொள்கிறேன். சொல்லாமல் இருந்தால் அசாஹினா ரியே எங்கள் ஊரில் என்றென்றைக்கும் எழுதிக் கொடுத்தவராகவே இருப்பார். இரண்டில் எது சரி என்று எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை.

கிளம்பும்போது கேட்டார். "நீ ஆபீஸ்லதானே இருக்க. அவங்க எங்க போனாங்கன்னு பதிவேட்டுல பாரேன்."

"சொந்த வேலைக்கு அதைப் பாக்கக் கூடாது பெரியம்மா."

"சரி. அதுவும் சரிதான். வேற வழி பாரு."

என் பழைய ஆசிரியரிடம், ஊரை விட்டுப் போன மறு வருஷம் அவர்கள் அனுப்பிய புத்தாண்டு அட்டை இருந்தது. சைதாமாவில் ஒரு முகவரி. பெரியம்மா ஒன்பது நாள் உட்கார்ந்து கடிதம் எழுதினார். என்னைப் படிக்க விடவில்லை. "இது உனக்கு எழுதினது இல்ல" என்றார். டிசம்பர் தொடக்கத்தில் தபாலில் போட்டோம். பதினோராம் நாள், முகவரியில் அவர் இல்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தது.

"வேற விலாசம் தேடு. உறையைப் பிரிக்காத. அது மேலயே இன்னொரு உறை போட்டுடலாம்," என்றார்.

தேடுகிறேன் என்றேன். அசாஹினாவின் கணவர் வேலை பார்த்த நிறுவனத்தோடு ஒருமுறை தொலைபேசியில் பேசினேன். தகவல் தர முடியாது என்றார்கள். வருஷக் கடைசி வேலை, துண்டறிக்கை அச்சு, அது இது என்று நாட்கள் போயின. புத்தாண்டில் பார்க்கப் போனபோது வாசலிலேயே கேட்டார். "கிடைச்சுதா?" தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். உண்மையில் இரண்டு வாரமாக எதையும் செய்யவில்லை.

ஜனவரி இருபதாம் தேதி, வாசலில் பனி வாரிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. அன்று அவர் தன் எல்லையைத் தாண்டி, ஆளில்லாத அந்தப் பக்கத்து வீட்டு வாசல் முழுவதையும் வாரிச் சுத்தமாக்கியிருந்தார் என்று அம்மா சொன்னாள்.

ஏழாம் நாள் காரியத்துக்குப் போனேன். செண்டாயிலிருந்து வந்திருந்த யசுஹிதே, அம்மாவின் மேசை இழுப்பறையில் கிடந்த உறையை எடுத்து வந்து என்னிடம் காட்டினார்.

"உன் பேரை எழுதி ஒரு சீட்டு ஒட்டி வெச்சிருக்காங்க. இது யாரு, அசாஹினா? சொந்தக்காரங்களா?"

"பக்கத்து வீட்டுல இருந்தவங்க."

"அவங்களுக்கு அம்மா ஏதாவது தர வேண்டியிருந்துதா?"

ஆமாம் என்றேன். என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. பிறகு வண்டிவரை ஓடிப்போய், சீட்டு, பனி வாரி, மேசையடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையுறையைப் போட்டபடியே கேட்டுவிட்டு, "அப்ப நீயே வெச்சுத் தேடு" என்று உறையை என்னிடம் கொடுத்தார்.

பிரிக்காமல் வைத்திருக்கிறேன். சைதாமாவில் அந்தப் பெயருள்ளவர்களுக்கு இதுவரை பதினேழு கடிதம் எழுதிவிட்டேன். ஆறு பேர் தாங்கள் இல்லை என்று பதில் போட்டார்கள். அசாஹினா ரியே கிடைத்தால், சீட்டை எழுதியவள் நான் என்று என் பங்கை நான் சொல்லிவிடுவேன். ஃபுசே பெரியம்மா கேட்க வேண்டிய மன்னிப்பை நான் கேட்க முடியாது. அது அந்த உறைக்குள் இருக்கிறது. இன்னும் கேட்கப்படவில்லை.